சாயம் இறங்குகிறது என்றார்கள்

கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைப்பாதை ஏறத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், கொய்யாவும் தண்ணீர் பாட்டிலும் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. ராசப்பனும் அவர் மனைவி செல்லாயியும் நடத்துகிற கடை. போன கோடையில் அங்கே செல்லாயியை மட்டும்தான் பார்க்க முடிந்தது. ஏற்காட்டுக்கு வண்டியில் போகிறவர்கள், "எங்கம்மா உங்க ஊட்டுக்காரரு?" என்று கேட்டால், "அவருக்கு வெயிலு ஆகாதுன்னு டாக்டரு சொல்லியிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் கொய்யாவைப் பிளந்து மிளகாய்ப்பொடி தடவுவாள்.

சொன்னது பொய்யில்லை. ஆனால் முழுவதையும் அவள் சொல்லவில்லை. கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டில், சன்னல்களுக்குத் துணி கட்டி, சின்ன பல்பு வெளிச்சத்தில் ராசப்பன் உட்கார்ந்திருந்தார். பச்சமுத்துவும் கூட இருந்தான். பச்சமுத்து செத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

இருவரும் ஒரு காலத்தில் அயோத்தியாப்பட்டணத்துப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்தவர்கள். ராசப்பனுக்குச் சொந்த ஊர் திருச்செங்கோட்டுக்குத் தெற்கே. தறிக்கு நூல் ஏற்றுகிற லாரியில் கிளீனராகப் போய்க்கொண்டிருந்தவர், இறக்கிய இடத்திலேயே வேலைக்கு நின்றுவிட்டார். பச்சமுத்து உள்ளூர்க்காரன். சிட்டம் சிட்டமாகச் சுற்றிய நூலைக் கழியில் கோத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கொதிக்கிற தொட்டியில் முக்கிப் புரட்டுவார்கள். கையுறை கிடையாது. சாயப்பொடி டின்னைத் திறந்தால் புகை மாதிரி எழும்பும். மூக்கில் ஏறும், தோளில் படியும், மத்தியானச் சோற்றிலும் விழும். அந்தக் காலத்துச் சாயங்களில் சில பிற்பாடு தடை செய்யப்பட்டன. ஏன் என்று பட்டறையில் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அங்கே ஒரு விளையாட்டு இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் பின்சுவரோரம் ஒன்றுக்குப் போக வரிசையாக நிற்பார்கள். சாயத்தின் நிறத்துக்குப் பட்டறையில் சேடு என்று பெயர். பச்சமுத்து கேட்பான்:

"என்னப்பா ராசப்பா, இன்னைக்கு என்ன சேடு?"

"மாம்பழ மஞ்சளுங்கோ."

"எனக்குப் பாரு, தக்காளி. பார்ட்டி கேட்ட கலர் அப்படியே உக்காந்திருக்கு. மொதலாளியைக் கூப்புடு, ஒரு சிட்டம் முக்கிப் பாக்கட்டும்."

சிரிப்பார்கள். சிறுநீர் நிறமாகப் போனால் அதற்கு அங்கே ஒரே பெயர்தான்: சாயம் இறங்குது. உள்ளே போனது வெளியே வருகிறது, நல்லதுதானே என்பார்கள். மோர் குடிக்கச் சொல்வார்கள், வாழைத்தண்டு தின்னச் சொல்வார்கள். அதனால் சிவப்புத் தொட்டியில் நின்ற பச்சமுத்துவுக்குச் சிவப்பாகப் போனபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தொட்டியில் நீலச் சாயம் மட்டுமே ஓடிய மாதங்களிலும் அவனுக்குச் சிவப்பாகவே போனது. "பழசுப்பா, அடியில தங்கினது" என்று அவனே சொன்னான். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

கடைசியில் அவன் கட்டிலில் விழுந்தான். ராசப்பன் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தார். கட்டில் சட்டத்தில் ஒரு பை தொங்கியது. உடம்பிலிருந்து வந்த குழாய் அதில் முடிந்தது. பைக்குள் இருந்தது, சிவப்புத் தொட்டி நூலை முதல் அலசு அலசினால் வருகிற தண்ணீரைப் போல இருந்தது. வாசனை அறை முழுக்க நின்றது. "உக்காரப்பா" என்றான் பச்சமுத்து. "வாரேன், லோடு வந்திருக்குது" என்று ராசப்பன் கிளம்பிவிட்டார். அப்புறம் போகவில்லை.

பட்டறை மூடப்பட்டது. ராசப்பன் மாமனார் வீட்டு வகையில் கிடைத்த இந்த இடத்துக்கு வந்து கடை போட்டார். மகள் மைதிலியைப் படிக்கவைத்து அஸ்தம்பட்டியில் கட்டிக்கொடுத்தார். கை ரேகைகளுக்குள் இருந்த கறுப்பும் ஒரு வழியாகப் போய்விட்டது. அறுபது தாண்டின பிறகு ஒரு நாள் காலையில் சிறுநீர் சிவப்பாக இறங்கியது. வலியில்லை. அவர் குனிந்து பார்த்தார். சாயத்தைத் தொட்டு அத்தனை வருடமாகியும் மனசில் முதலில் வந்தது அந்த வார்த்தைதான். சாயம் இறங்குது. அடியில தங்கினது.

ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அவர் மோர் குடித்தார்.

வேட்டி துவைக்கும்போது செல்லாயி கண்டுபிடித்தாள். வேட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே வந்து நின்றாள். "ஏனுங்க, இது என்னதுங்க?"

"பழைய சாயம் புள்ளே."

"எந்தக் காலத்துச் சாயமுங்க? மைதிலி பொறக்கறதுக்கு முந்திப் பண்ணுன வேலை, இப்ப வந்து இறங்குதாக்கும்? எந்திரிங்க மொதல்ல."

அஸ்தம்பட்டியில் மைதிலிக்குத் தெரிந்த ஒரு சிறுநீரக மருத்துவர் இருந்தார், டாக்டர் கோகிலவாணி. ஸ்கேனும் ஸ்கோப்பும் பார்த்தார். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். கொய்யாக் கடை என்றார் ராசப்பன். அதற்கு முன்னால்? சாயப்பட்டறை என்றதும் டாக்டரின் கை எழுதுவதை நிறுத்தியது. சிறுநீர்ப்பையில் புற்று. பழைய சாயங்களில் சிலவற்றுக்கு அப்படி ஒரு குணம் உண்டு, உடம்பில் புகுந்து வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு வேலையைக் காட்டும் என்று சொன்னார்.

"அப்ப அது சாயந்தானுங்களே" என்றார் ராசப்பன்.

"இல்லீங்கய்யா. சாயம் என்னைக்கோ போயிடுச்சு. நீங்க பாத்தது ரத்தம்."

அந்த நிமிடம் ராசப்பனுக்குத் தன் உடம்பு ஞாபகம் வரவில்லை. பின்சுவரோரம் நின்று சிரித்த பச்சமுத்துதான் ஞாபகம் வந்தான். அத்தனை பேரும் நிறம் பார்த்தோமே, ஒருத்தனும் ரத்தம் என்று சொல்லவில்லையே என்று நினைத்தார்.

கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். பிறகு, குழந்தைகளுக்குக் காசநோய் வராமலிருக்கப் போடுகிற மருந்து இருக்கிறதே, அதைக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விட்டார்கள். உயிருள்ள கிருமி அது. அதை விரட்ட வருகிற எதிர்ப்புச் சக்தி பக்கத்திலிருக்கும் புற்றையும் சேர்த்து அடிக்கும் என்பது கணக்கு. வாரம் ஒரு முறை, ஆறு வாரம். எரிச்சலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனாலும் அது திரும்பி வந்தது. இந்தத் தடவை கட்டியாக இல்லை. பையின் உள்சுவரில் சிவப்பாகப் படர்ந்த ஒரு திட்டு.

"பையையே எடுத்துடறதுதான் பழக்கமான வழி" என்றார் டாக்டர். "வயித்துல ஒரு துவாரம் வெச்சு, வெளியே ஒரு பை ஒட்டிக்கலாம். அப்படி இருக்கற ஒருத்தர் லாரி ஓட்டிக்கிட்டு வடக்கே போயிட்டு வர்றாருங்கய்யா. பயப்பட ஒண்ணுமில்லே."

ராசப்பன் காதில் 'பை' மட்டும் விழுந்தது. கட்டில் சட்டம், முதல் அலசுத் தண்ணீர், அந்த வாசனை. "அது மட்டும் வேண்டாமுங்க" என்றார். செல்லாயி முழங்கையால் இடித்தும் அதையே திரும்பச் சொன்னார்.

டாக்டர் இன்னொரு வழி சொன்னார். வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிச் சிகிச்சை ஒன்று நடக்கிறது என்றார். பலிக்கும் என்று உறுதி கிடையாது. பலிக்காவிட்டால் பையை எடுத்தே ஆகவேண்டும், தாமதமும் ஆகியிருக்கும். யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

"என்ன பண்ணுவாங்க?"

"நரம்புல ஒரு மருந்து ஏத்துவாங்க. அது புத்து செல்லுலதான் அதிகமாத் தங்கும். அப்புறம் மெல்லிசா ஒரு கம்பி மாதிரி உள்ளே விட்டு, லேசர் வெளிச்சம் காட்டுவாங்க. வெளிச்சம் பட்டா மருந்து முழிச்சுக்கிட்டு அந்தச் செல்லைக் கொல்லும்."

"பஞ்சு நூல்ல புடிக்கற சாயம் பாலியஸ்டருல புடிக்காதுங்க, அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான். அந்த மருந்துக்கே ஒரு நிறம் இருக்கும்."

ராசப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மறுபடியும் சாயமா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "நீங்க பயப்படறது எனக்குப் புரியுது. ஆனா அதோட முடியலே. செத்த செல்லு உடைஞ்சு சிதறும்போது, உடம்புல காவலுக்கு இருக்கற செல்லுங்களுக்கு அடையாளம் தெரியும். புத்து என்ன பண்ணுதுன்னா, அந்தக் காவலுக்கு ஒரு பிரேக்கை அழுத்தி வெச்சிருக்கு. ரெண்டாவதா ஏத்தற மருந்து அந்தப் பிரேக்கை எடுத்துவிடும். வெளிச்சம் காட்டிக்கொடுக்கணும், காவல் புடிக்கணும். ரெண்டும் சேந்தாத்தான்."

வெளியே வந்ததும் செல்லாயி சொன்னாள், "சாயத்துல வந்தது சாயத்துல போகுதோ என்னமோ. போவோமுங்க."

வெளிச்சத்தில் முழிக்கிற அந்த முதல் மருந்து உடம்பில் இருக்கிறவரை தோலும் வெளிச்சத்துக்குக் கூசும். அதனால் வெயில் ஆகாது. கும்மிருட்டும் வேண்டாம், மங்கலான வெளிச்சத்தில் இருங்கள், அப்போதுதான் தோலில் இருக்கிறது மெள்ளக் கரையும் என்றார்கள். வெளியூரில் லேசர் முடிந்து, முக்காடு போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, காருக்குள் திரை கட்டி, ராசப்பனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மைதிலி இரண்டு நாள் இருந்துவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பினாள். செல்லாயி கடையைத் திறந்தாள்.

அன்று உச்சிப்பொழுதில்தான் அவருக்கு அது முதலில் கேட்டது. ஈர நூலை முறுக்கிப் பிழிகிற சத்தம். பின்னாலேயே தண்ணீர் தரையில் கொட்டியது. சுவரோரம் யாரோ கால் மாற்றி நின்றார்கள்.

"என்னப்பா ராசப்பா, இன்னைக்கு என்ன சேடு?"

ராசப்பன் திரும்பிப் பார்த்தார். முகம் தெரியவில்லை, முழங்கைவரை சிவந்த கை மட்டும் தெரிந்தது. சாயங்காலம் செல்லாயியிடம் சொன்னார். அவள் வேப்பிலை செருகினாள், திருநீறு பூசினாள், கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கேட்டா கேக்கட்டும். நீங்க பதிலு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

"அவன் கெட்டவன் இல்லே புள்ளே."

"நல்லவியளா இருந்தா இன்னும் மோசமுங்க. கூடப் போகத் தோணும்."

முதல் சில நாள் சிறுநீர் சிவக்கும், பயப்படாதீர்கள் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். சிவந்தது. பிறகு வெளுத்தது. ராசப்பன் கொஞ்சம் மூச்சு விட்டார். ஒரு நாள் மத்தியானம் மறுபடியும் நிறம் மாறியது. அந்தச் சின்ன பல்பில் அது சிவப்பா, பழுப்பா, இல்லை அந்த மருந்தின் நிறமா என்று தெரியவில்லை. புது ரத்தமானால் திட்டு சாகவில்லை. திட்டு சாகவில்லையானால் பை. கண்ணாடித் தம்ளரில் பிடித்து, பல்புக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார்.

சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. "உள்ளே பாத்தா எல்லாச் சேடும் ஒண்ணாட்டந்தான் தெரியும். நம்ம வழக்கத்தை மறந்துட்டியா? வெளியே கொண்டா."

பட்டறையில் அதுதான் சட்டம். டியூப் லைட்டில் பார்த்து எந்தச் சாயத்தையும் சரி என்று சொல்லக் கூடாது. ஈரச் சிட்டத்தைக் களத்துக்குக் கொண்டுபோய், வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, கையை நீட்டிப் பிடித்து, காய்ந்து வருகிறவரை பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துத்தான் ராசப்பன் ஆயிரக்கணக்கான கட்டு நூலை அனுப்பியிருக்கிறார். காலுக்கு அது இன்னும் பழக்கமாகவே இருந்தது. பின்கதவுத் தாழை நீக்கி, பனியனும் வேட்டியுமாக, தம்ளரோடு வெளியே நடந்தார்.

வெயிலுக்கு முதுகு காட்டி நின்றார். கையை நீட்டினார். ஒரு பக்கம் திருப்பி, மறுபக்கம் திருப்பி, அவசரப்படாமல் பார்த்தார். சிவப்பில்லை. துருப்பிடித்த பழுப்பு. பழைய ரத்தம், உள்ளே உரிந்த புண்ணின் அழுக்கு. அவர் அங்கேயே நின்று இன்னொரு தடவை பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டார். பச்சமுத்துவும் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பது போலிருந்தது. கழுத்தில் ஏதோ ஊர்வது போல இருந்ததை அவனுடைய மூச்சு என்று நினைத்தார்.

கதவைச் சாத்தும்போதுதான் கையின் மேற்பக்கம் எரிந்தது. செல்லாயி சோற்றுக்கு வந்தபோது பிடரி, தோள், முழங்கை எல்லாம் தணல் பட்டது போலச் சிவந்து வீங்கியிருந்தது. அங்கங்கே கொப்புளம் கிளம்பியிருந்தது. அவள் ஓலமிட்ட சத்தத்தில் கடைக்கு வந்தவர்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

பொழுது சாய்ந்ததும் போர்வையால் மூடி அஸ்தம்பட்டிக்குக் கொண்டுபோனார்கள்.

"சந்தேகம் வந்தா போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு சொன்னேனா இல்லையா?" டாக்டர் கோகிலவாணி கோபமாகக் கேட்டார்.

"போட்டோவுல சேடு மாறிப்போவுதுங்க டாக்டரம்மா."

"சேடா? ஐயா, உங்களைச் சொல்லிக் குத்தமில்லே. வெயில் ஆகாதுன்னு சொன்ன நாங்க, எதைப் பாக்க வெளியே போவீங்கன்னு கேட்டிருக்கணும்."

அவர் வெளியூர் ஆஸ்பத்திரியோடு போனில் வெகுநேரம் பேசிவிட்டு வந்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் இந்தக் காந்தல் சீக்கிரம் அடங்கும். ஆனால் அது காவல் செல்களையும் சேர்த்துத் தூங்கவைக்கும். அடுத்து ஏற்றப்போகிற மருந்துக்கு வேலை இல்லாமல் போகலாம். கொடுக்காவிட்டால் களிம்பும் ஈரத்துணியும் வலி மாத்திரையும்தான். புண் ஆறினால்தான் அடுத்த மருந்து.

"பரவுச்சுன்னா நான் உங்களைக் கேக்க மாட்டேன், போட்டுடுவேன். உசுரு முக்கியம். அதுவரைக்கும் தாங்க முடியுமான்னு நீங்கதான் சொல்லணும்."

செல்லாயி சொன்னாள், "மாத்திரையைக் குடுத்துருங்க தாயி. கண்ணால பாக்க முடியலே."

"வேண்டாம்" என்றார் ராசப்பன்.

"பிடிவாதம். என்ன கண்டீங்க இந்தப் பிடிவாதத்துல?"

"கொதிக்கற தொட்டியில கைய வுட்டவன் புள்ளே நானு. இதைத் தாங்கிக்கிறேன்."

அவர் நினைத்ததைவிட அது பெரிதாக இருந்தது. முதுகைச் சாய்க்க முடியாமல், கட்டிலில் குனிந்து உட்கார்ந்தே பொழுதுகளைக் கழித்தார். செல்லாயி கடையை அடைத்துவிட்டு ஈரத்துணி மாற்றினாள். உரிந்த தோல் துணியோடு வந்தது. மத்தியானத்தில் நூல் பிழிகிற சத்தம் கேட்டது. பச்சமுத்து இப்போது சேடு கேட்கவில்லை. கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். கட்டில் அந்தப் பக்கம் தாழ்ந்ததை ராசப்பன் உணர்ந்தார். இவன் என்னை வெயிலுக்குக் கூப்பிட்டது உதவிக்கா, தனியாக இருக்கப் பிடிக்காமலா என்று யோசித்தார். நான்தான் ஒரு தடவைக்கு மேல் போய்ப் பார்க்கவில்லையே என்றும் தோன்றியது.

புண் பரவவில்லை. மெள்ள வறண்டு, கறுத்து, பொருக்கு உதிர்ந்தது. சொன்ன தேதி தள்ளித்தான் போயிற்று. ஆனாலும் பிரேக்கை எடுக்கிற இரண்டாவது மருந்து ஏறத் தொடங்கியது. சாதாரண குளுக்கோஸ் போல நிறமில்லாமல் சொட்டிய அதைப் பார்த்து அவருக்குச் சற்றே ஏமாற்றம். "இதுல சாயமே இல்லீங்களே" என்றார் நர்ஸிடம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போனார்கள். உடம்பு தளர்ந்தது, முகம் உப்பியது, காவல் கொஞ்சம் மிஞ்சிப்போய்த் தைராய்டையும் கடித்துவிட்டது என்றார்கள். அதற்கு ஆயுசுக்கும் ஒரு மாத்திரை. செல்லாயி அதைக் காப்பிக்கு முன்னால் நீட்டுவாள்.

பலித்ததா என்று பார்க்கிற நாள் வந்தது. ஸ்கோப் உள்ளே போனது. டாக்டர் கோகிலவாணி திரையை ராசப்பன் பக்கம் திருப்பிவைத்தார். ஈரமான ஒரு குகை. சுவரெல்லாம் வெளிர் ரோஜா, மெல்லிய நரம்போட்டம். ராசப்பன் சிவப்பைத் தேடினார். ஒவ்வொரு மடிப்பிலும் தேடினார்.

"இங்கேதான் இருந்துச்சு" என்றார் டாக்டர். அந்த இடம் வெளுத்து, தழும்பாக இருந்தது. "கண்ணுக்கு ஒண்ணும் தெரியலே. ஆனா நான் கண்ணை நம்ப மாட்டேன். துணுக்கு எடுத்து அனுப்பறேன்."

துணுக்கின் முடிவுக்குச் சில நாள் காத்திருந்தார்கள். முடிவைக் கேட்க இருவரும் போனார்கள். டாக்டர் தாளைப் படித்துவிட்டு, முதலில் செல்லாயியைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இல்லீங்கய்யா. புத்து செல்லு இல்லே."

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன். இன்னைக்கு இல்லே. மூணு மாசத்துக்கு ஒருக்கா பாத்துக்கிட்டே இருக்கணும். பை உங்ககிட்டேயே இருக்கு, அதைப் பத்திரமா வெச்சுக்குங்க."

செல்லாயி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராசப்பன் கும்பிட்டார். ரத்தம் என்று முதலில் சொன்னவர் இவர்தான் என்பது அவர் மனசில் ஓடியது.

பஸ் நிறுத்தத்தில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. செல்லாயி நிழலில் நின்றாள். "இங்கே வந்து நில்லுங்க" என்றாள். மருந்து உடம்பைவிட்டுப் போய் மாதங்களாகிவிட்டன. வெயில் இனி ஒன்றும் செய்யாது. ராசப்பன் நிழலுக்கு வரவில்லை. தன் பக்கத்தில், ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு நின்றிருந்தார்.

அவர் உதடு அசைவதை அவள் பார்த்தாள். கிட்டே போனாள்.

"ஆருகிட்டீங்க பேசறீங்க?"

"பச்சமுத்துகிட்ட. எனக்கு இல்லைனுட்டாங்கன்னு சொன்னேன்."

அவள் திட்டவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் பார்த்த பக்கமே பார்த்தாள். அங்கே இரண்டு பைக்குகளும் ஒரு மருந்துக்கடைப் பலகையும்தான் இருந்தன.

"என்ன சொன்னாருங்க?"

"ஒண்ணுஞ் சொல்லலே. கேட்டுக்கிட்டு நிக்கறான்."

ஏற்காடு ரோட்டில் பஸ் வருவது தெரிந்தது. செல்லாயி அவர் கையை இழுத்தாள். ராசப்பன் ஒரு எட்டு வைத்தவர், திரும்பி, பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொல்வது போலச் சொன்னார்: "மூணு மாசங் கழிச்சு மறுபடி வரச் சொல்லியிருக்காங்கப்பா. நீயும் வா."